ஓடாத நாடகத்துக்கு விழுந்த டிக்குகள்

1. பென்சிலும் ரப்பரும்

மலைமேல் ரிலே டவர் எழும்பி, கொடைக்கானலிலும் சுற்று ஊர்களிலும் டிவி படம் புள்ளியில்லாமல் தெரிய ஆரம்பித்த எண்பதுகளின் பின்பாதியில் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன் கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நிரந்தரம் இல்லை, யாராவது நீண்ட விடுப்பில் போனால் அந்த நாற்காலியில் உட்காருவேன். புது வேலைக்கு ‘ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர்’ என்று பெயர். வீட்டில் அம்மா அதைக் கேட்டதும் போலீஸ் வேலை என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

வேலை இதுதான். டிவி இருக்கும் வீடுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கொரு டைரி கொடுப்போம். நாளுக்கு ஒரு பக்கம். கால்மணிக்கு ஒரு வரி. வீட்டில் யார் யார் எந்தக் கால்மணியில் டிவி பார்த்தார்கள் என்று டிக் போட வேண்டும். எதிரே நிகழ்ச்சியின் பெயர். கடைசிப் பத்தியில், வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர். வாரம் ஒருமுறை நான் போய்ப் பழைய டைரியை வாங்கிக்கொண்டு புது டைரி கொடுப்பேன். எல்லாம் மதுரை ஆபீஸுக்குப் போகும். அங்கே கூட்டிப் பெருக்கி, எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு பேர் என்று சென்னைக்கு அனுப்புவார்கள். அதுதான் ரேட்டிங்.

மதுரையில் மூன்று நாள் பயிற்சி. எங்கள் சூப்பர்வைசர் சௌந்தரம் சார் முதல் நாளே சொன்னார்:

“கிரேஸு, டைரியில நீ கை வைக்கக் கூடாது. தப்பா எழுதியிருந்தா தப்பாவே வரட்டும். வீட்டுல உக்காந்து நீயே ரொப்பிட்டேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே உனக்கு வேலை கெடையாது. இந்தத் தொழில்ல அதுதான் கொலைக்குத்தம்.”

ஆனால் கையில் கொடுத்த பையில் பென்சிலோடு ஒரு ரப்பரும் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எனக்கு மூன்று பக்கம் வீடுகள்: கொடைக்கானல் டவுன், வடகவுஞ்சி, தாண்டிக்குடி. தாண்டிக்குடிக்குப் பண்ணைக்காடு வரை பஸ், அதற்கு மேல் ஏதாவது ஜீப். ஊரைத் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்துக்குள் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்தன. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். அவர்கள் அந்த வரிசையை ‘லயம்’ என்பார்கள். லயத்தில் ஒரே ஒரு டிவி. அது எஸ்டேட் ஜீப் டிரைவர் ராசுவின் வீட்டில் இருந்தது. டைரி எழுதுவது அவர் மனைவி முத்தழகு. வயது நாற்பதுக்குள். தையல் மெஷின் வைத்திருந்தார். டைரியை என் வீடுகளிலேயே சுத்தமாக எழுதுகிறவர் அவர்தான். அடிக்கோல் வைத்துக் கோடு போடுவார்.

போகும் இடமெல்லாம் என்னை ‘டீச்சர்’ என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

2. சீசன் பிரேக்

அந்த வருடம் வியாழக்கிழமை ஏழரை மணிக்கு ஒரு தொடர் ஓடியது. ஒரு சிறு நகரத்தில் அக்கா தங்கை இருவர் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறார்கள். அக்காவின் புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போனவன், கடிதம் கிடையாது. அவ்வளவுதான் கதை. ஜனங்கள் அதை ‘மெஸ் நாடகம்’ என்றார்கள். வியாழக்கிழமை ஆனால் என் முப்பது வீட்டிலும் அந்த இரண்டு வரியில் டிக் நிரம்பி வழியும். முத்தழகுவின் டைரியில் வெளியாள் பத்தியில் இருபதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

பதிமூன்றாவது வாரம் அக்காவுக்கு ஒரு தந்தி வருகிறது. பிரிக்கிறாள். அவள் முகத்துக்கு அருகே கேமரா போகிறது. அவ்வளவுதான். அடுத்த வாரம் நாடகம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்த நேரத்தில் பாலம் கட்டுவது பற்றி இந்தியில் ஒரு படம் போட்டார்கள்.

எப்போது திரும்ப வரும் என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். நான் சௌந்தரம் சாருக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டேன்.

“சீசன் பிரேக் விட்டிருக்காங்கம்மா. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் செய்றாங்களாம். ஆளுங்க ஏங்கிக் கெடப்பாங்க. திரும்பி வரும்போது ரேட்டிங் எகிறிடும் பாரு.”

நான் அதை அப்படியே போய்ச் சொன்னேன். அங்கேதான் முதல் குழப்பம். எங்கள் மலையில் சீசன் என்றால் ஒன்றுதான்: ஏப்ரல், மே. ஆட்கள் வருவது, ஓட்டல்கள் நிரம்புவது, ஏரியைச் சுற்றி நடக்க இடமில்லாமல் போவது. டவுனில் ஓட்டலில் ரூம் பாய் வேலை பார்த்த ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்:

“அப்போ அந்த நடிக்கிறவங்கல்லாம் சீசனுக்கு இங்கதான் வந்திருக்காங்களா டீச்சர்? எந்த லாட்ஜ்ல?”

வடகவுஞ்சியில், சீசன் முடிந்து ஜூன் முதல் வியாழக்கிழமை நாடகம் வரும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஜூன் முதல் வியாழக்கிழமை அது வரவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்.

3. நான் அழித்தது

நாடகம் நின்ற முதல் வாரத்து டைரிகளை வாங்கியபோது எதிர்பார்த்தபடியே வியாழக்கிழமைப் பக்கத்தில் அந்த இரண்டு வரியும் எல்லா வீட்டிலும் காலி. முத்தழகுவின் டைரியில் மட்டும் ஏழரைக்கும் ஏழேமுக்காலுக்கும் டிக். நிகழ்ச்சியின் பெயர்: மெஸ் நாடகம். வெளியாட்கள்: இருபத்திரண்டு.

பழக்க தோஷத்தில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். சின்னப் பிழைதானே, மதுரைக்குப் போனால் வீணாக அவரைக் கேள்வி கேட்பார்கள் என்று எண்ணி, பண்ணைக்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ரப்பரை எடுத்து அழித்தேன். அவருக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த வாரமும் அதே டிக். அழித்தேன். மூன்றாவது வாரம் இருபத்து நான்கு பேர். அழிக்கும்போது கை கூசியது. இத்தனை சுத்தமாக எழுதுகிற மனுஷி மூன்று வாரம் தொடர்ந்து தவறுவாரா? ஒருவேளை ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வேறு நாடகம் பார்த்துவிட்டு இந்தப் பெயரை எழுதுகிறார்களோ? அடுத்த முறை போனதும் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். ஆன்டெனா டவரைப் பார்த்தபடி நேராக இருந்தது.

நான்காவது வாரம் கேட்டுவிட்டேன். கேட்ட விதம் சரியில்லை.

“ஏங்க, வராத நாடகத்தைப் பார்த்தோம்னு எழுதினா நான் என்ன செய்யிறது? பொய் டிக் போடாதீங்க.”

முத்தழகு மெஷினை நிறுத்தினார். “பொய்யா? எனக்கு எதுக்கு டீச்சர் பொய்? பார்த்தோம், எழுதுனேன். ஒங்களுக்கு விளங்காட்டி அதுக்கு நான் என்ன செய்ய?”

“அன்னைக்குப் பாலம் கட்டுற படந்தானே போட்டாங்க?”

“அதுவும் ஓடுச்சு.” டைரியையும் பென்சிலையும் எடுத்து என் பை மேல் வைத்தார். “ஒங்க பொஸ்தகம், ஒங்க பென்சிலு. கொண்டுட்டுப் போங்க.”

வாசலில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், ஜீப் வரும்வரை நிற்காமல் நடந்தே இறங்கிவிட்டேன். வழியெல்லாம் அவர்மேல்தான் கோபம். பாதி தூரம் வந்த பிறகுதான், பொய் என்று பார்த்தால் மூன்று வாரம் பொய் செய்தது யார் என்று உறைத்தது.

4. வியாழக்கிழமை

அடுத்த வியாழக்கிழமை, சொல்லாமல் தாண்டிக்குடிக்குப் போனேன். அங்கே பள்ளியில் வேலை பார்த்த என் தோழி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு லயத்துக்குப் போனபோது ராசு வீட்டு முன்னறையில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். முத்தழகு என்னைப் பார்த்தார். பாயை மட்டும் இழுத்துப் போட்டார்.

ஏழரைக்கு டிவியில் ஏதோ அணைக்கட்டு. இந்தி. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருடைய முகமும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வேலுச்சாமி என்ற கங்காணி ஆரம்பித்தார். “போன வாரம் எதுல விட்டோம்?”

“தங்கச்சிக்காரி அவனுக்கு எல போட மாட்டேன்னுட்டா,” என்றாள் ஒருத்தி.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. நாடகம் நின்ற முதல் வியாழக்கிழமை, பழக்கத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பாலம் ஓடியிருக்கிறது. தந்தியில் என்ன இருந்திருக்கும் என்று பேச்சு வந்திருக்கிறது. தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்று வேலுச்சாமி அடித்துச் சொன்னாராம். ‘வருகிறேன்’ என்று ஏன் அடிக்கக் கூடாது என்று முத்தழகு மறித்தாராம். அதற்குக் காரணம் இருந்தது. லயத்தில் பாக்கியம் என்று ஒரு பெண். புருஷன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய் இரண்டு வருடம். ஒரு வரி கிடையாது. அவள் எந்த வாரமும் தவறாமல் கதவோரம் உட்காருவாள். அவள் முன்னால் அந்தப் பம்பாய்க்காரனைச் சாகடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே அவன் வருகிறான் என்று முடிவு செய்தார்கள். அதற்கடுத்த வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கினான். அதற்கடுத்த வாரம் மெஸ் வாசலில் வந்து நின்றான். வாரம் ஒரு அரைமணி நேரம், நாடகம் நடந்துகொண்டே இருந்தது.

அன்று அவனுக்குச் சாப்பாடு போடுவதா வேண்டாமா என்பதில் பெரிய சண்டை. நடுவில் ஒருத்தி, “ஏலே, சும்மா இரு, பாக்கியம் ஏதோ சொல்லுது,” என்று தம்பியை அடக்கினாள்.

பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வந்த ஒடனே சோறு போடக் கூடாது. மொதல்ல வாசல்ல நிக்க வச்சுக் கேக்கணும். எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு அப்புறம் போடணும்.”

யாரும் மறுக்கவில்லை. அந்த வாரக் கதை அதோடு முடிந்தது. எட்டு மணிக்கு எழுந்து போனார்கள்.

எல்லோரும் போன பிறகு முத்தழகுவிடம் கேட்டேன்: “பேசுறதுதான் சோலின்னா டிவியை எதுக்குங்க போட்டு வைக்கிறீங்க?”

“போடாட்டி சும்மா கூடி உக்காந்து ஊர்க்கத பேசுற மாதிரி ஆயிரும்ல? இது நாடகம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். டைரியில் அழித்ததையும் சொன்னேன். “அழிச்சீங்களா?” என்று கேட்டார். பிறகு டைரியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பின் அவர் எழுதியதை எழுதியபடியே அனுப்பினேன். சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை.

5. திரும்பி வந்த நாடகம்

மழை பிடித்த பிறகு நாடகம் திரும்பி வந்தது. வியாழக்கிழமை இல்லை; ஞாயிறு காலை பத்து மணிக்கு. நகரங்களில் ஞாயிறு காலை எல்லோரும் வீட்டில் இருப்பார்களாம். எங்கள் பக்கம் வடகவுஞ்சியில் என் வீடுகளில் பாதிப் பேர் அந்த நேரம் மாதா கோயில் பூசையில் இருப்பார்கள். டவுனில் ஓட்டல் வேலைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மூச்சுவிட நேரமிருக்காது. லயத்தில் சந்தைக்கு ஜீப் போகும் நாள். வெள்ளனே கிளம்பினால்தான் வெரசா திரும்பலாம்.

டைரிகள் காலியாக வந்தன. முத்தழகுவின் டைரியில் முதல் ஞாயிறு மட்டும் இரண்டு பேர்: அவர் ஒருவர், வெளியாள் ஒருவர். அந்த வெளியாள் பாக்கியம். சந்தைக்குப் போகாமல் இருந்து பார்த்திருக்கிறாள்.

“ஆறு மாசங் கழிச்சுன்னு எழுத்துப் போட்டாங்க டீச்சர்,” என்றார் முத்தழகு. “அக்காவா வேற ஒரு பொம்பள வருது. மெஸ்ஸ பெருசாக் கட்டியிருக்காங்க. தந்தியப் பத்திப் பேச்சே இல்ல.”

பாக்கியம் தையல் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். “அந்தத் தந்தியில என்னதான் இருந்துச்சுன்னு ஒங்க ஆபீசுல கேட்டுச் சொல்றீங்களா?” என்றாள். கேட்கிறேன் என்றேன்.

“வியாழக்கிழமை கூடுறீங்கள்ல?” என்று கேட்டேன்.

“இல்லையே,” என்றார் முத்தழகு. “அதான் வந்துருச்சே. அது ஒரு பக்கம் ஓடுறப்ப நம்ம எப்படி ஒண்ணு ஓட்டுறது?”

6. மதுரை ஆபீஸ்

சௌந்தரம் சார் என்னை மதுரைக்கு வரச் சொன்னார். மேசை மேல் என் டைரிகள் வரிசையாகக் கிடந்தன.

“ஊரெல்லாம் நாடகம் நின்னப்போ கணக்கு எறங்குது. திரும்பி வந்ததும் கொஞ்சமாச்சும் ஏறுது. ஒன் மலையில மட்டும் மூணு வாரம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் இல்லாத நாடகத்துக்கு இருபது பேரு, நாடகம் வந்தப்புறம் ஆளே இல்ல. இது என்னம்மா?” ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரப்பர் தேய்த்த இடம் பளபளத்தது. “இது யாரு?”

“நான்தான் சார்.”

அவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். “டைரி எழுதுற பொம்பள விவரம் தெரியாம தப்பா எழுதிருச்சு, நான் திருத்துனேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வேலை இருக்கும். நான் பார்த்துக்கிறேன்.”

அது பெரிய உதவி. எனக்கு அந்த வேலை தேவைதான். பேனாவை எடுத்தேன். நான் அழித்தேன் என்பது வரை எழுத முடிந்தது. முத்தழகு தவறாக எழுதினார் என்று எழுத வரவில்லை. நான் அங்கே இருந்தேன். இருபது பேர் அரைமணி நேரம் அந்த நாடகத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதை ‘பார்த்தார்கள்’ என்று எழுதுவதா, ‘பார்க்கவில்லை’ என்று எழுதுவதா? இரண்டுமே பொய்யாகப் பட்டது. நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்தார். “இது கதைம்மா. ரிப்போர்ட் இல்ல,” என்றார். ஆனால் கிழிக்கவில்லை. ஃபைலில் வைத்தார்.

போவதற்கு எழுந்தபோதுதான் ஞாபகம் வந்தது. “சார், அந்தத் தந்தியில என்ன இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?”

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெட்ராஸ்ல கேட்டேன். கதை எழுதுனவரு மாறிட்டாராம், யாருக்கும் தெரியல. என் வீட்டுக்காரியும் நாலு மாசமா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா.”

7. மிச்சம்

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து பதில் வந்தது. மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதால் நாடகம் நிறுத்தப்பட்டுவிட்டதாம். தாண்டிக்குடி டைரி நம்பத்தக்கதல்ல என்பதால் அந்த வீட்டை நீக்கும்படி உத்தரவு. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

லயத்துக்குப் போய் நானே சொன்னேன். தந்தி பற்றி யாருக்கும் தெரியவில்லை என்று பாக்கியத்திடம் சொன்னபோது அவள், “தெரியாதுன்னாவது தெரிஞ்சுச்சே,” என்று சொல்லிவிட்டுத் துணி அலசப் போனாள். முத்தழகுவுக்கு டைரி போனதில் வருத்தம் இருந்தது. எழுதாத மிச்சப் பக்கங்களை எண்ணிக் கொடுத்தார். “டைரி இல்லாட்டி என்ன டீச்சர், இந்தப் பக்கம் வந்தா வராம போகாதீங்க,” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: இடைவெளி விட்டால் ரேட்டிங் ஏறுமா, இறங்குமா? அத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. இடைவெளியில் ஜனங்கள் மறந்துபோவதும் உண்டு. அந்த இடத்தில் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்வதும் உண்டு. திரும்பி வருகிற நிகழ்ச்சி மறதியோடு மோத வேண்டுமா, அந்தக் கட்டடத்தோடு மோத வேண்டுமா என்பது டிக்கில் தெரியாது. நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம்தான். ரப்பரைப் பையிலிருந்து எடுத்துப் போட்டேன். கேள்வியை மாற்றினேன். ‘என்ன பார்த்தீங்க?’ என்று கேட்பதை விட்டு, ‘அந்த நேரம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?’ என்று கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் அப்படிக் கேட்டது வடகவுஞ்சியில். டைரியில் செவ்வாய் இரவுச் செய்திக்கு வீடு முழுக்க டிக் இருந்தது. வீட்டுக்காரம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்த நேரத்துலயா? பூண்டு தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தோம். என் நாத்தனா அழுதுக்கிட்டு இருந்துச்சு. டிவி அது பாட்டுக்கு ஓடுச்சு.”

அதை ஒரு சொல் விடாமல் டைரியின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் சௌந்தரம் சாரிடமிருந்து போன். “கிரேஸு, இதை நான் எந்தக் கணக்குல போடுறது?”

“எனக்கும் தெரியல சார். அப்படியே இருக்கட்டும்,” என்றேன்.

போனை வைக்கப் போனவர், “அந்தம்மா ஏன் அழுதுச்சாம்?” என்று கேட்டார்.